நாகலின் முதுகும் ஒரு சாக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் டென்னிஸ் வீரர் சுமித் நாகல் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, டென்னிஸுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களே என்ற ஆசையில். இரண்டாம் முறை, என் கண்ணில்தான் கோளாறோ என்று பார்க்க. 2024 செப்டம்பரில் சுவீடனுக்கு எதிரான டேவிஸ் கோப்பைக்கு (நாடும் நாடும் மோதும் டென்னிஸ் போட்டி) அவர் போகாததை, "முதுகுவலி என்ற வழக்கமான சாக்கு" என்று தங்கள் செய்தியாளர் எழுதியிருக்கிறார். அதே கட்டுரையில் அவர் பெயர் மேலே நாகல், கீழே நகல். நகலுக்கும் அசலுக்கும் வித்தியாசம் தமிழ் ஏட்டுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் 31 வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். எங்கள் ஊர்ச் சந்தையில் சாக்கு என்றால் நிலக்கடலை கட்டுகிற கோணி. எதையும் உள்ளே போட்டு வாயைக் கட்டிவிடலாம். தங்கள் செய்தியாளரும் அதைத்தான் செய்திருக்கிறார்.

அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், தங்களுக்குத் தெரியாததல்ல. 2021 கடைசியில் நாகலுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. திரும்பி வந்தபோது ரேங்க் ஐநூறுக்கும் கீழே கிடந்தது. இந்த ஆட்டத்தில் ஒரு புள்ளிக்கு ஆயுள் 52 வாரம். போன வருஷம் இதே வாரம் ஜெயித்தது இந்த வாரம் கழிந்துபோகும். ஆடினால்தான் அந்த இடத்தில் புதிதாக ஏதாவது வந்து உட்காரும். ஆறு மாதமாவது ஆடாமல் இருந்தவருக்குப் பழைய ரேங்கைக் காட்டிச் சில போட்டிகளில் நுழைய விதி இருக்கிறது. நாலு மாதம் படுத்தவருக்கு அதுவும் கிடையாது. டேவிஸ் கோப்பையில் புள்ளியே இல்லையே, அதனால்தான் போகவில்லை என்பீர்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால், பணமும் புள்ளியும் இருக்கிற அமெரிக்க ஓப்பன் இரட்டையர் ஆட்டத்திலிருந்தும் இதே முதுகினால்தான் விலகினார். அந்த வரி ஏன் கட்டுரையில் இல்லை?

நாட்டுக்காக ஆட வருஷத்துக்கு 50,000 டாலர் கேட்டார் என்று அகில இந்திய டென்னிஸ் சங்கம் சொன்னதை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். கேட்டால் என்ன? 2023-ல் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். பயிற்சியாளர், பயணம், தங்குமிடம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஒரு கோடி ரூபாய் வரை செலவாகிற தொழில் இது. அந்த மனிதர்தான் 2024 ஜனவரியில் தகுதிச் சுற்றில் ஜெயித்து ஆஸ்திரேலிய ஓப்பனுக்குள் போய், 31-ஆம் தரநிலை பெற்றிருந்த கஜகஸ்தான் வீரர் பப்ளிக்கை நேர் செட்களில் அடித்தார். கிராண்ட் ஸ்லாமில் தரநிலை பெற்ற வீரரை ஓர் இந்தியர் ஒற்றையரில் வென்றது, 1989-ல் ரமேஷ் கிருஷ்ணன் சுவீடன் வீரர் விலாண்டரை வென்றதற்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அடுத்த மாதம் சென்னையில் பட்டம் வாங்கி முதல் நூறுக்குள் வந்தார். ஜூலையில் 68-ஆவது இடம். வெட்டித் தைத்த இடுப்போடு இவ்வளவு. சென்னையில் அவர் கோப்பை வாங்கிய மறுநாள் எங்கள் ஊருக்கு வந்த பதிப்பில் அதற்கு நாலு வரி. அதே பக்கத்தில், ஒரு கிரிக்கெட் வீரரின் புது முடிவெட்டுக்கு வண்ணப் படம்.

கிரிக்கெட் மேல் எனக்குப் பகை ஒன்றுமில்லை. பும்ராவுக்கு முதுகில் காயம் ஏற்பட்டு 2022 இருபது ஓவர் உலகக் கோப்பைக்குப் போக முடியாமல் போனபோது, தாங்கள் முதுகெலும்பையே படம் வரைந்து, எந்த எலும்பு, எப்படி விரிசல் விடும், எத்தனை மாதம் ஓய்வு என்று அம்புக்குறி போட்டு விளக்கினீர்கள். நல்ல படம். வெட்டியெடுத்து வைத்திருக்கிறேன். பந்து வீசுகிறவன் முதுகு நாட்டின் கவலை, சர்வ் போடுகிறவன் முதுகு சாக்கு என்று எந்த இலக்கணத்தில் இருக்கிறது?

"ராமநாதன் கிருஷ்ணன் காலத்தில் இப்படியா?" என்றும் தங்கள் செய்தியாளர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். இப்படித்தான். 1960-லும் 61-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர், 62-ல் நான்காம் தரநிலையோடு போய்க் கணுக்கால் காயத்தால் நடுவிலேயே விலகினார். அதை என் அப்பா எனக்குச் சொல்லும்போது சொந்த மகன் கால் ஒடிந்த மாதிரிதான் சொல்வார். சாக்கு என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை. பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்காலில் விரிசல் மேல் விரிசலாக வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு, 29 வயதில்தான் 75-ஆவது இடம் பிடித்தார். யூகி பாம்ப்ரி 83-ஆவது இடத்துக்கு வந்த வருஷமே முழங்கால் போய், இரண்டு வருஷத்துக்குமேல் வெளியே. சானியாவுக்கு மணிக்கட்டு, சோம்தேவுக்குத் தோள். இத்தனை பேரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டா சாக்குச் சொன்னார்கள்?

இனிச் சொல்லப்போவதைத் தாங்கள் அச்சிட வேண்டும் என்றில்லை.

என் மகன் எட்டு வயதிலிருந்து டென்னிஸ் ஆடினான். கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் ஊரில் கோர்ட் ஏது? வாரம் மூன்று நாள் பள்ளி விட்டதும் எல்லையிலுள்ள வேலந்தாவளம் வழியாகக் கோவை உக்கடம் போகிற பஸ். திரும்பி வீடு சேர ஒன்பதரை. அவன் தூங்குவான், நான் நோட்டுத் திருத்துவேன். பஸ் குலுங்கிய குலுக்கலில் நான் போட்ட சிவப்பு மையைப் பிள்ளைகளே கேலி செய்வார்கள். 2014 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவனைச் சென்னை ஓப்பனுக்குக் கூட்டிப் போனேன். (அது சாக்கு. அந்தச் சொல்லுக்கு உரிய இடம் அதுதான்.) நுங்கம்பாக்கத்தில் சுவிஸ் வீரர் வாவ்ரிங்காவை வேலிப்பக்கம் நின்று பார்த்தான். அதே மாதக் கடைசியில் அவர் மெல்பர்னில் கிராண்ட் ஸ்லாம் வாங்கியபோது, தான் பார்த்துவிட்டு வந்ததால்தான் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பிறகு அந்தப் போட்டியே சென்னையை விட்டுப் புனேவுக்குப் போயிற்று. அன்றைக்கும் தங்கள் ஏட்டில் ஒரு பெட்டிச் செய்திதான்.

பதினாறு வயதில் கிக் சர்வ் பழகினான். தலைக்குப் பின்னால் பந்தைப் போட்டு, முதுகை வில்லாக வளைத்து, திருகி அடிப்பது. நாளைக்கு இரண்டு கூடைப் பந்து, சிமெண்டுத் தரையில். "முதுகு நோவுதும்மா" என்றான். பயிற்சியாளர், "வளர்ற பையன் டீச்சர், எல்லாம் சாக்குங்க. விட்டீங்கன்னா சோம்பேறி ஆயிருவானுங்க" என்றார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அது தெரியாமலே போகக்கூடிய விரிசல் என்று அப்போது யார் சொன்னார்கள்? அன்றிரவு பஸ்ஸில் சாய்ந்து உட்கார முடியாமல் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தான். நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்தா நேராச் சொல்லு, சாக்குச் சொல்லாதே" என்றேன்.

அதற்கப்புறமும் ஏழு வாரம் ஆடினான். ஸ்கேன் எடுத்தபோது அடிமுதுகில் இரண்டு பக்கமும் மயிரிழை விரிசல். மூன்று மாதம் இடுப்பில் பெல்ட். குணமாகிவிட்டது. ஆனால் பிறகு ராக்கெட்டைத் தொடவில்லை. நான் வெட்டி வைத்திருக்கிற தங்கள் படத்தில் அம்புக்குறி காட்டுகிற எலும்பும் அதேதான். நாலு வருஷம் தாமதமாக வந்த படம்.

அவன் இப்போது கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ராத்திரி எத்தனை மணியானாலும் எங்கேயோ ஐரோப்பாவில் நடக்கிற சேலஞ்சர் (இரண்டாம் நிலைப் போட்டி) ஆட்டத்தைப் போனில் போட்டுவிடுவான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன் என் கையிலிருந்து பேப்பரை வாங்கி அந்தக் கட்டுரையைப் படித்தான். ஒன்றும் சொல்லவில்லை. மடித்து டீவி மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இதே நாகல் 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்துக்குப் போய் இரண்டு ஒற்றையரையும் ஜெயித்துக் கொடுத்தார். கூட ஆடிய தட்சிணேஸ்வர் சுரேஷ் நம் தமிழ்ப் பிள்ளை. ஐரோப்பிய மண்ணில் டேவிஸ் கோப்பையில் இந்தியா ஜெயித்தது 1993-க்குப் பிறகு அப்போதுதான். சாக்குச் சொல்கிறவர் ஏன் போனார் என்று தங்கள் செய்தியாளர் ஆராய்ந்து எழுதலாம்.

எங்களுக்கு இதெல்லாம் பழகிப்போனதுதான். மாவட்டத் தேர்வுக்குப் போனால் இங்கே ஓர் அலுவலகத்தில், "கோயம்புத்தூரில் பழகுகிற பையன்தானே" என்றார்கள். அங்கே போனால், "கேரளா ரேஷன் கார்டா?" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் வந்தவுடன் பிள்ளையின் ஆட்டம் மாறிவிடுமா என்ன? தங்கள் ஏடும் அப்படித்தான். ஞாயிறு இணைப்பு எங்களுக்கு வருவதே இல்லை. கேட்டால், "அது தமிழ்நாட்டுக்கு மட்டும்" என்கிறார் ஏஜெண்ட். காசு மட்டும் குறைவதில்லை. 2019-ல் பிரஜ்னேஷ் ஒரே வருஷத்தில் நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் ஆடியதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். மூன்று வரியாகப் போட்டு, கீழே "கோழிக்கோடு வாசகி" என்று அச்சிட்டீர்கள். கோழிக்கோட்டில் எனக்கு யாரையும் தெரியாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ரேங்க் பட்டியல் திங்கட்கிழமை வெளியாகிறது. செவ்வாய்க்கிழமை இதழில், ராசிபலனுக்குப் பக்கத்திலாவது, முதல் ஐநூறுக்குள் இருக்கிற நம் பிள்ளைகளின் பெயரும் எண்ணும் போடுங்கள். காயத்தில் இருப்பவர் பெயருக்கு நேரே "காயம்" என்று போட்டால் போதும். நாலு விரல் இடம் பிடிக்காது. இந்தக் கடிதத்தை வெட்டுவதானால் கிரிக்கெட் பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள்; ஊர்ப் பெயரை மட்டும் கீழே இருக்கிற மாதிரியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.