குழந்தை முகம் பார்க்க ஐந்நூறு: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டு வசூலைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. ஊரறிந்த விஷயம். அண்மையில் என் தங்கைக்கு சிசேரியன் ஆனது, அதனால் எழுதுகிறேன்.

தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு, துணியில் சுற்றிய குழந்தையோடு ஆயா வந்தார். அம்மா கை நீட்டினார். ஆயா தரவில்லை. "பொண்ணுதான் பாட்டி, ஐந்நூறு குடுங்க. பையன்னா ஆயிரம்." சுருக்குப்பையை அவிழ்த்து, நூறும் ஐம்பதுமாக அம்மா எண்ணி முடிக்கும்வரை பேத்தியின் முகம் மூடியே இருந்தது. ஸ்ட்ரெச்சர் தள்ளியவருக்குத் தனி. யூரின் டியூப் எடுத்தவருக்குத் தனி. மாப்பிள்ளை கட்டட வேலைக்குப் போகிறவர். கூலியை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தார்.

பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-லேயே தொட்டில் குழந்தைத் திட்டம் கண்ட மாநிலத்தில், பெண் பிறந்தால் பாதி ரேட். தள்ளுபடிக்கு நன்றி! முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் நீங்கள் தரும் 18,000 ரூபாயில் வார்டு வாசலுக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறீர்களா என்றுகூடக் கேட்கத் தோன்றுகிறது. மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல.

லஞ்சம் குற்றம் என்று பலகை தொங்குகிறது. கீழே இருப்பது அதே மருத்துவமனை அலுவலரின் நம்பர். தையல் பிரிக்காத பெண்ணை உள்ளே படுக்கவைத்துவிட்டு யார் அந்த நம்பருக்குக் கூப்பிடுவார்கள்?

நீங்கள் கூப்பிடுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழே கிடையாது என்று வைத்திருக்கிறீர்கள். அதனால் பிள்ளை பெற்ற ஒவ்வொருவரின் போன் நம்பரும் உங்களிடம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்பிய பிறகு உங்கள் 104 மருத்துவ உதவி எண்ணிலிருந்து ஒரு போன், ஒரே கேள்வி: "யாராவது காசு கேட்டார்களா?" மாதாமாதம் மருத்துவமனைவாரியாகப் பதிலை வெளியிடுங்கள். புதுக் கட்டடமோ புது மெஷினோ கேட்கவில்லை, இந்த ஒரு போன்தான்.

மருத்துவமனையின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் அந்த ஆயாவின் வேலை போகும், கோப்பு மூடப்படும், அடுத்த ஆயா அதே கதவருகில் நிற்பார். ஒப்பந்த நிறுவனம் கலெக்டர் நிர்ணயித்த கூலியைத் தருவதில்லை என்று பல ஊர்களில் இப்படிப்பட்ட ஒப்பந்த ஊழியர்களே போராடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கையும் தயவுசெய்து பாருங்கள். போன் செய்ய உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்