செல்லப்பிராணி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பேரவைக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் முடிய உள்ள ஓராண்டின் செயல்பாடுகளை இப்பேரவையின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் டிசம்பர் நீங்கலாகத் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தம் அறிக்கையில் தனியே படிப்பார். எனவே என் அறிக்கையின் பெரும்பகுதியை நம் வீட்டு நாய்களுக்கும் பூனைகளுக்கும் இவ்வாண்டு வந்த நோய்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

இதற்குக் காரணம் உண்டு. 1903ஆம் ஆண்டு சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் வேப்பேரிக்கு மாறிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், கிண்டியில் வேளச்சேரி சாலையில் உள்ள புளூ கிராஸ் என்னும் விலங்கு நல அமைப்பும், தெருவுக்குத் தெரு தனியார் மருத்துவமனைகளும் இருக்கும் ஊரில், மருந்து கிடைக்காமல் போனதாக இவ்வாண்டு நம் கூட்டங்களில் ஒருவரும் சொல்லவில்லை. ‘நேற்றே கொண்டு வந்திருக்கலாமே’ என்று மருத்துவர் கேட்டதாகச் சொன்னவர்களே பலர். அவர்களும் அக்கறையில்லாதவர்கள் அல்லர். அறிகுறியைக் கண்டார்கள், ஆனால் அதற்கு வேறொரு பொருள் கொண்டார்கள்.

இதை மனத்தில் வைத்துத்தான் ஜூன் மாதம் வீட்டுக்கொரு நாற்பது பக்க நோட்டு வழங்கினோம். பிராணி நன்றாக இருக்கும்போது எப்படி இருக்கிறது என்பதை அதில் எழுதி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை எடை (பிராணியைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறி, நம் எடையைக் கழித்தால் போதும்), ஈறின் நிறம், குடிக்கும் தண்ணீரின் அளவு, சிறுநீர் கழிக்கும் வேளைகள், உடல் வெப்பம் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். நோட்டைக் கண்டு சிரித்தவர்களும் இருந்தார்கள். உடல் வெப்பம் எழுதத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அதன் பயன் தெரிந்தது. நாய்க்கும் பூனைக்கும் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மனிதருக்குரிய 98.6ஐ மனத்தில் வைத்திருந்த உறுப்பினர் ஒருவர், 101.5 என்று காட்டிய தெர்மாமீட்டரைக் கண்டு, நல்ல உடல்நிலையில் இருந்த நாய்க்குக் காய்ச்சல் மாத்திரை கொடுக்க எடுத்துவிட்டார். மாத்திரையின் பெயரை உறுதி செய்துகொள்ள எனக்குத் தொலைபேசியில் பேசியதால் அது நின்றது.

அந்த மாத்திரையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு அலமாரியில் எப்போதும் இருக்கும் பாரசிட்டமால், பூனைக்கு நஞ்சு. அதை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லாததால், 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரைப் பறிக்கக்கூடும். ஈறு பழுப்பு நிறமாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு திணறும். இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ‘குழந்தைக்குக் கொடுக்கும் சிரப்புதானே’ என்ற பேச்சை நம் உறுப்பினர்கள் விட்டுவிட வேண்டும்.

மே மாதம் கத்திரி வெயில் நீடித்த நாள்களில் தட்டைமுக நாய்களே மிகவும் துன்பப்பட்டன. காலை எட்டரை மணிக்கு நடைக்குச் சென்ற ஒரு பக் நாய், திரும்பும் வழியில் நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கயிறாய்த் தொங்க, பின்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டது. உடன் சென்ற அம்மையார் அதை ஆட்டோவில் ஏற்றும் முன், அருகிலிருந்த வீட்டின் குழாயைத் திறந்து உடல் முழுவதும் நனைத்தார். ஆட்டோ ஓடும்போது வீசிய காற்று மீதி வேலையைச் செய்தது. முதலில் குளிர்விப்பது, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது என்ற அந்த வரிசைதான் சரியானது என்று மருத்துவர் பாராட்டினாராம். ஈரத் துண்டைப் போர்த்தி மூடிவிடக் கூடாது. அது வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

இவ்வாண்டு நம்மை மிகவும் அலைக்கழித்தது உண்ணிக் காய்ச்சல். சென்னையில் உண்ணிக்குக் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஆண்டு முழுவதும் அதற்கு வசதியான வெப்பம்தான். நாயின் மேல் இருப்பதை மட்டும் பிடுங்கிப் போடுவதால் பயனில்லை என்பதை நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் நேரில் பார்த்தேன். தினமும் சீப்பால் வாரி, உண்ணிகளை மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டு வந்தார்கள். ஆனால் குளிர்சாதனப் பெட்டியை நகர்த்திப் பார்த்தபோது, சுவரும் தரையும் சேரும் விரிசலில் கடுகு சிதறியது போல் குஞ்சுகள் அப்பிக்கிடந்தன. திரைச்சீலையின் மடிப்பிலும் ஏறியிருந்தன. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, இத்தகைய இடுக்குகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் உணவின்றி மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆகவே நாய்க்கு மருந்து, சுவர் விரிசலுக்குச் சிமென்ட் பூச்சு, படுக்கைத் துணிக்கு வெந்நீர் ஆகிய மூன்றும் ஒரே வாரத்தில் நடக்க வேண்டும்.

அந்த உண்ணியின் வழியே எர்லிக்கியா, பபேசியா என்னும் இரு கிருமிகள் பரவுகின்றன. முதலாவது வந்தால் காய்ச்சல், சோர்வு, பசியின்மை தோன்றும். இரத்தத் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் இரத்தம் கசியலாம், வயிற்றுத் தோலில் செம்புள்ளிகள் தெரியலாம். இரண்டாவது வந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறமாகும். இரண்டும் ஒரே நாய்க்குச் சேர்ந்து வருவதும் உண்டு. ‘வெயிலில் சாப்பிட மாட்டேன் என்கிறது’ என்று நாம் விட்டுவிடும் அந்த மூன்று நாள்களில்தான் தட்டணுக்கள் சரிகின்றன. வெயிலால் சாப்பிடாத நாயின் ஈறு இளஞ்சிவப்பாகவே இருக்கும். ஈறு காகிதமாய் வெளுத்திருந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மருந்தைப் பொதுவாக 28 நாள்கள் கொடுப்பார்கள். நாலாம் நாளே நாய் வாலாட்டிச் சாப்பிடத் தொடங்கியதும் நிறுத்திவிட்ட வீடுகளில், நோய் திரும்பி வந்ததைப் பார்த்தோம்.

இதனோடு ஒரு கடும் எச்சரிக்கை. நாயும் பூனையும் சேர்ந்து வளரும் வீடுகளில் நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனையின் பிடரியில் விடக் கூடாது. அவற்றுள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கிக் கொல்லும்.

பூனை வளர்ப்போரின் குறை, சங்கம் நாய்களைப் பற்றியே பேசுகிறது என்பது. குறை நியாயமானதே. அதனால் என் வீட்டில் நடந்ததையே எழுதுகிறேன். அறிக்கையில் இதைச் சேர்க்கலாமா என்று தயங்கினேன். சேர்க்கச் சொன்னவர் நம் தலைவர். எங்கள் நாலு வயதுக் கடுவன் (ஆண் பூனை) ஆகஸ்ட் மாதம் ஓர் இரவு மணல் தட்டில் ஏறி உட்கார்ந்தது, இறங்கியது, மறுபடி ஏறியது. முதுகைக் கூனி, வாலை நிமிர்த்தி, சின்னதாய் ஓர் ஒலி எழுப்பியது. மலச்சிக்கல் என்று முடிவு செய்து கொஞ்சம் பாலில் எண்ணெய் கலந்து வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் தட்டைக் கிளறினால் மணல் ஒரு கட்டிகூடச் சேராமல் உலர்ந்து கிடந்தது. அது மலச்சிக்கல் அன்று. சிறுநீர்க் குழாய் அடைப்பு. கடுவனின் குழாய் மிகக் குறுகியது. படிகமும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். சிறுநீர் தேங்கினால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயமே நின்றுவிடக்கூடும். மருத்துவர் மயக்க ஊசி போட்டு மெல்லிய குழாய் செலுத்தி எடுத்தபோது வந்தது சிறுநீரா இரத்தமா என்று சொல்ல முடியவில்லை. பூனை பிழைத்தது. இப்போது அதன் உணவில் தண்ணீர் சேர்க்கிறோம். வீட்டில் தட்டு இரண்டாகிவிட்டது. கடுவன் தட்டில் முக்குவதைக் கண்டால், முதலில் பார்க்க வேண்டியது மணல் நனைந்திருக்கிறதா என்பதையே. நனையாவிட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வயிற்றை அமுக்கிப் பார்க்கவும் கூடாது.

பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து புதிய நோய் தொடங்கிவிடும். குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். ‘பசித்தால் தானே சாப்பிடும்’ என்பது பூனைக்குப் பொருந்தாது.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் நம் பகுதியில் தரைத்தள வீடுகள் பலவற்றில் தண்ணீர் புகுந்ததும், மின்சாரமின்றி மொட்டை மாடியில் நாய்களோடு இருந்ததும் அனைவர்க்கும் நினைவிருக்கும். படகில் நாயை ஏற்ற மறுத்தவர்களிடம் நம் இளைஞர்கள் வாதாடி ஏற்றினார்கள். தண்ணீர் வடிந்த பிறகே எலிக்காய்ச்சல் என்னும் லெப்டோஸ்பைரோசிஸ் தலைகாட்டியது. எலியின் சிறுநீர் கலந்த நீரில் நடக்கும் நாய்க்கு, பாதத்து வெடிப்பு வழியாகவும் வாய் வழியாகவும் கிருமி புகும்; காய்ச்சல், வாந்தி, தசைவலி, பிறகு கண்வெள்ளை மஞ்சளாதல், சிறுநீரகச் செயலிழப்பு என்று போகும். இது நாயின் சிறுநீர் வழியே நமக்கும் தொற்றும் என்பதால் கையுறையின்றிக் கழுவக் கூடாது. இதற்கான தடுப்பூசி உண்டு; ஆனால் எல்லாக் கூட்டுத் தடுப்பூசியிலும் இல்லை. உங்கள் தடுப்பூசி அட்டையில் ஒட்டியிருக்கும் சிறுதாளில் ‘லெப்டோ’ என்ற சொல்லோ, பெயரின் கடைசியில் ‘எல்’ என்ற எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், செப்டம்பருக்குள் ஆண்டு ஊசியைப் போட்டுக்கொள்வது நம் ஊருக்கு ஏற்றது.

நாய்க்குட்டிகளுக்கு வரும் பார்வோ என்னும் வைரஸ் நோயைப் பற்றிச் சென்ற ஆண்டே விரிவாக எழுதிவிட்டேன்; ஒன்றை மட்டும் மீண்டும் சொல்கிறேன். நாற்றத்துடன் இரத்தபேதி கண்ட குட்டி இறந்துபோன வீட்டில் அக்கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சாதாரணத் தரைக் கழுவிகளுக்கு அது அசையாது. நீர்த்த பிளீச்சுக்கே அழியும். ஊசி முடியாத புதுக் குட்டியை அவசரப்பட்டு அங்கே கொண்டுவர வேண்டாம்.

வெறிநோய்த் தடுப்பூசி முகாம், உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28ஐ ஒட்டி நடந்தது. நவம்பரில் இராயபுரத்தில் ஒரே தெருநாய் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கடித்து, அதற்கு வெறிநோய் இருந்ததாக உறுதியானதும், முகாமுக்கு வராதவர்கள் தாமே தேடி வந்தார்கள். மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசியும், பின்னர் மருத்துவர் சொல்லும் ஊக்க ஊசியும், அதன்பின் ஆண்டுதோறும் ஒன்றும் போட வேண்டும். வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கும் இது பொருந்தும். மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமத்திற்கும் இந்த ஊசிச் சான்று வேண்டும். கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காயத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பி வந்த ஒருவரைக் கண்டு செவிலியர் கடிந்துகொண்டது சரியே. அறிகுறி தோன்றிவிட்ட பின் இந்நோய்க்கு மருத்துவம் இல்லை.

பெட்டை நாய்களுக்குக் கருத்தடை செய்யச் சொன்னால் ‘ஒருமுறையாவது குட்டி போடட்டும்’ என்று இன்னும் சொல்கிறார்கள். கருத்தடை செய்யாத வயதான பெட்டைக்கு, பருவம் முடிந்த ஓரிரு மாதத்தில் கருப்பையில் சீழ் கட்டலாம். தண்ணீரை மொண்டு மொண்டு குடிப்பதும் சோர்ந்து படுப்பதுமே பல நேரங்களில் முதல் அடையாளம். சீழ் வெளியே வடியாமலும் இருக்கலாம். இவ்வாண்டு அவ்வாறு அறுவைக்குச் சென்ற ஒரு நாயைக் காட்டிக் கொடுத்தது நோட்டுதான். வழக்கமாக ஒரு கிண்ணம் குடிக்கும் நாய் மூன்று கிண்ணம் குடிப்பதை அவ்வீட்டுப் பாட்டி குறித்து வைத்திருந்தார்.

பண்டிகை நாள்களில் சர்க்கரைப் பொங்கலையும் பாயசத்தையும் நாய்க்கு ஒரு கரண்டி வைப்பது நம் வழக்கம். அதிலுள்ள உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாம்பாரின் சின்ன வெங்காயமும் பிரியாணிக் குழம்பின் வெங்காயமும் இரத்தத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். எலும்பு வேண்டாம் என்றால் மட்டும் யாரும் கேட்பதில்லை.

குறையொன்றையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. இரவு முழுவதும் திறந்திருப்பதாகப் பலகை வைத்திருந்த மருத்துவமனை ஒன்றில், நள்ளிரவில் வயிறு உப்பிய நாயோடு சென்ற நம் உறுப்பினர் அரைமணி நேரம் கதவைத் தட்டியும் யாரும் வரவில்லை. பெரிய மார்புள்ள நாய்க்கு வயிறு உப்பி, எதுவும் வெளிவராமல் வாந்திக்கு முக்குவது இரைப்பை முறுக்கின் அடையாளம்; அங்கே அரைமணி நேரம் என்பது பெரிது. எனவே இரவில் உண்மையாகவே மருத்துவர் இருக்கும் இடங்களையும், நாயை ஏற்ற மறுக்காத ஆட்டோ ஓட்டுநர்களையும் நேரில் விசாரித்துப் பட்டியல் தயாரிக்க மூவர் குழு அமைத்துள்ளோம். பட்டியல் ஜூன் கூட்டத்தில் வழங்கப்படும்.

முகாம்களுக்கு இடம் கொடுத்த குடியிருப்பு நலச் சங்கத்தாருக்கும், கட்டணம் வாங்காமல் வந்த கால்நடை மருத்துவர்களுக்கும், புயல் நாள்களில் மாடி மாடியாகத் தீவனம் சுமந்த இளைஞர்களுக்கும் சங்கத்தின் நன்றி. முதல் நோட்டு தீர்ந்துவிட்டவர்கள் பழைய நோட்டைக் காட்டிவிட்டுப் பொருளாளரிடம் புதியதைப் பெற்றுக்கொள்ளலாம். இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்காகப் பணிவுடன் வைக்கிறேன்.

செயலாளர்