தன்னம்பிக்கை அடுக்கிலிருந்து ஹிட்லரை இறக்குங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் புத்தக விற்பனையாளர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் ஊர்ப் புத்தகக் கண்காட்சி முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் உண்டியல் காசில் அங்கே வாங்கிய புத்தகம் இப்போது என் எதிரே இருக்கிறது. முன்னட்டையில் ஹிட்லர் கையை உயர்த்தி நிற்கிறான். எளிய குடும்பத்தில் பிறந்து, ஓவியப் பள்ளியில் இடம் கிடைக்காமல், விடாமுயற்சியால் உலகை நடுங்க வைத்த மாவீரரின் வெற்றிக் கதை என்கிறது பின்னட்டை. உள்ளே முழுக்க ‘அவர்’, ‘அவர்’ என்று மரியாதை. யூதர்களைக் கொன்றது ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது.

அந்தப் புத்தகம் இருந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அது வரலாற்று அடுக்கில் இல்லை. ‘தன்னம்பிக்கை நூல்கள்’ என்று தாள் ஒட்டிய அடுக்கில், நேர நிர்வாகத்துக்கும் பணம் சேர்க்கும் வழிக்கும் நடுவில் இருந்தது. அதே கண்காட்சியில் இன்னும் நாலைந்து அரங்குகளிலும் அப்படித்தான். இது உங்களுக்குத் தெரியாத செய்தி இல்லை. பல வருடங்களாக நடக்கிறது, நன்றாக விற்கிறது, அதனால் தொடர்கிறது.

போன வாரம் பள்ளியில் பேச்சுப் போட்டி. தலைப்பு, ‘என்னைக் கவர்ந்த தலைவர்’. என் மகன் ஹிட்லரைப் பற்றிப் பேசி இரண்டாம் பரிசு வாங்கினான். பெரும்பாலும் உங்கள் பின்னட்டையைத்தான் மனப்பாடம் செய்திருந்தான். பக்கத்தில் என் சின்ன மகள் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பேசுகிறான் என்று அரங்கில் முதலில் கைதட்டியது அவள்தான். அவளுக்குப் பதினோரு வயது. டவுன் சின்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு உள்ள குழந்தை.

அன்று ராத்திரி அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். திட்டவில்லை. உங்கள் புத்தகத்தில் இல்லாததை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.

1939 ஆகஸ்டில் ஜெர்மனியில் மருத்துவர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் ஓர் ஆணை போனது. குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலில் டவுன் சின்ட்ரோமும் உண்டு. முதலில் மூன்று வயதுக்குட்பட்டவர்கள் என்றார்கள், பிறகு வயதை ஏற்றிக்கொண்டே போனார்கள். சிறப்புச் சிகிச்சை என்று பெற்றோரிடம் சொல்லிக் குழந்தைகளை வாங்கிப் போய், மயக்க மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்தும் பட்டினி போட்டும் கொன்றார்கள். குறைந்தது 5,000 குழந்தைகள் இப்படிப் போனார்கள்.

குறைபாடோ மனநோயோ உள்ள வயதுவந்தவர்களுக்கு வேறு ஏற்பாடு. ஹிட்லர் 1939 அக்டோபரில் தன் சொந்தக் கடிதத்தாளில் அதற்கு அனுமதி கொடுத்துக் கையெழுத்திட்டான். போர் தொடங்கிய செப்டம்பர் 1ஆம் தேதியை முன்தேதியாகப் போட்டான். பெர்லினில் டியர்கார்ட்டன் தெரு 4ஆம் எண் வீட்டிலிருந்து நடந்ததால் டி4 என்று பெயர். மருத்துவர்கள் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. படிவத்தைப் பார்த்து, சிவப்புப் பென்சிலில் கூட்டல் குறி போட்டால் சாவு, நீலத்தில் கழித்தல் குறி போட்டால் உயிர். சிவப்பு விழுந்தவர்களை ஏற்றிப்போகச் சாம்பல் நிறப் பேருந்துகள் வரும். போகிற இடத்தில் குளியலறை மாதிரி ஓர் அறை, உள்ளே விஷவாயு. 1941 ஆகஸ்டுக்குள் 70,000 பேருக்கு மேல். வீட்டுக்கு ஒரு சாம்பல் கலசமும் பொய்க் காரணம் எழுதிய கடிதமும் போகும். குடல்வால் அழற்சியால் இறந்தார் என்று ஒரு குடும்பத்துக்குக் கடிதம் வந்தால், அவருக்குக் குடல்வாலை எடுத்தே பல வருடம் ஆகியிருக்கும்.

ஹாடமார் என்ற ஊரில் அப்படி ஒரு கொலைக்கூடம் இருந்தது. அதன் புகைபோக்கியை ஊரே பார்த்தது. அங்கே பிள்ளைகள் சண்டை போட்டால், உனக்குக் கிறுக்கு, உன்னை ஹாடமார் அடுப்புக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒருவரையொருவர் ஏசினார்களாம். அந்த வட்டாரத்துக் கத்தோலிக்க ஆயர் 1941இல் அரசுக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது.

இதைப் படித்தபோது என் மகன் தலை நிமிரவில்லை. எங்கள் வீட்டில் காலை எட்டு மணிக்குச் சிறப்புப் பள்ளியின் வேன் வரும். ஹாரன் கேட்டதும் சின்னவள் பையை மாட்டிக்கொண்டு, ஷூ லேஸைக்கூடக் கட்டாமல் வாசலுக்கு ஓடுவாள். லேஸைக் கட்டிவிட்டு, கையைப் பிடித்துப் படியேற்றி உட்கார வைப்பவன் அவன்தான். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டான். “பாப்பாவையும் பஸ்ல ஏத்தியிருப்பாங்களாம்மா?”

ஆமாம் என்றேன். ஒரு தாய் தன் மகனுக்குச் சொல்லக்கூடிய பதிலா அது? அந்தப் பதிலைச் சொல்லும் வேலையை எனக்கு வைத்தது உங்கள் தன்னம்பிக்கை அடுக்கு.

கொலைக்கூடம் அதோடு நிற்கவில்லை. டி4இல் பழகிய ஆட்களும் வாயு முறையும்தான் பிறகு போலந்தில் ட்ரெப்ளிங்கா, சோபிபோர், பெல்செக் ஆகிய கொலைமுகாம்களுக்குப் போயின. எல்லா இடங்களிலும் சேர்த்துக் கொல்லப்பட்டவர்கள் மொத்தம் 60 லட்சம் யூதர்கள், அதில் ஏறத்தாழ 15 லட்சம் குழந்தைகள். வார்சாவில் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் அநாதைக் குழந்தைகள் இல்லம் நடத்தினார். 1942 ஜூலையில் அந்தக் குழந்தைகளை வைத்துத் தாகூரின் ‘அஞ்சலகம்’ நாடகத்தை மேடையேற்றினார். நோயில் படுத்த சிறுவன் ஜன்னலோரம் ராஜாவின் கடிதத்துக்குக் காத்திருக்கும் கதை. மூன்றே வாரத்தில், ஏறத்தாழ 200 குழந்தைகளோடு அவரும் ட்ரெப்ளிங்காவுக்குக் கொண்டுபோகப்பட்டார். தப்பிக்க வழி இருந்தும் குழந்தைகளை விட்டுப் போக மறுத்துவிட்டார். விடாமுயற்சிக்கும் மனஉறுதிக்கும் ஆள் தேடுகிறீர்களே, இவரைப் பற்றி ஒரு புத்தகம் போட்டு அந்த அடுக்கில் வைக்கலாமே? இரண்டாம் பரிசுக்கு என் மகன் இவரைப் பற்றிப் பேசியிருப்பானே?

நம் ஊரில் இன்னொரு பேச்சு உண்டு. வெள்ளைக்காரனை எதிர்த்தவன் ஹிட்லர், அதனால் நமக்கு வேண்டியவன் என்று. 1925, 1926இல் இரண்டு பாகமாக வந்த ‘எனது போராட்டம்’ என்ற தன் நூலில், இந்திய விடுதலைப் போராளிகளை வித்தைக்காரர்கள் என்று கேலி செய்தான். இந்தியா வேறு யார் கையில் இருப்பதையும்விட ஆங்கிலேயர் கையில் இருப்பதையே தான் விரும்புவதாக எழுதினான். 1937 நவம்பரில் தன்னைப் பார்க்க வந்த ஹாலிஃபாக்ஸ் பிரபுவிடம், காந்தியைச் சுட்டுவிடுங்கள் என்று யோசனை சொன்னான். இந்தியாவின் முன்னாள் வைஸ்ராயிடம் சொன்ன யோசனை அது. இதையெல்லாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல், நேதாஜி கை குலுக்கிய படத்தை மட்டும் நடுப்பக்கத்தில் போடுகிறீர்கள். சாலை போட்டான் என்கிறீர்கள். ஜெர்மனியின் கொலோன், பான் நகரங்களுக்கு இடையே விரைவுச்சாலை 1932இலேயே திறந்தாகிவிட்டது, அப்போது அவன் ஆட்சியில்கூட இல்லை.

டீக்கடையில் யாரைக் கேட்டாலும், ஹிட்லர் மாதிரி ஒருத்தன் வந்தால்தான் நாடு உருப்படும் என்கிறார்கள். கண்டிப்பான ஆசிரியருக்கு அந்தப் பெயரைப் பட்டமாக வைக்கிறார்கள். எந்த மேடையில், எந்த வருடம் சொன்னது என்ற விவரமே இல்லாத பொன்மொழிகள் அவன் படத்தோடு வாட்ஸப்பில் சுற்றுகின்றன. 2006இல் நவி மும்பையில் ஒரு உணவகத்துக்கே அவன் பெயரை வைத்து, எதிர்ப்பு வந்த பிறகுதான் மாற்றினார்கள். இத்தனைக்கும் நீங்கள் மட்டும் பொறுப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊர்ப்பேச்சு அச்சில் ஏறி, அட்டை போட்டு, பத்து சதவீதக் கழிவில் பிள்ளை கைக்கு வரும்போது அதற்கு வேறு மதிப்பு வந்துவிடுகிறது. புத்தகத்தில் போட்டிருக்கிறதும்மா என்று என் மகன் வாதாடினான். புத்தகத்தின் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வளர்த்தவளும் நான்தான், அதனால்தான் இந்தக் கோபம்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவனைப் பற்றிப் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும். அவனுடைய நூலின் காப்புரிமை ஜெர்மனியின் பவேரிய மாநில அரசிடம் இருந்தது, 2015 முடிவில் காலாவதியானது. அடுத்த மாதமே மியூனிக்கின் சமகால வரலாற்று நிறுவனம் அதை வெளியிட்டது. எப்படி? 3,500க்கு மேற்பட்ட குறிப்புகளோடு, ஏறத்தாழ 2,000 பக்கத்தில், பொய்யை எங்கெல்லாம் எழுதினானோ அங்கெல்லாம் பக்கத்திலேயே உண்மையை வைத்து. அவன் ஆண்ட நாட்டிலேயே அப்படித்தான் விற்கிறார்கள். அத்தனை குறிப்பு உங்களால் முடியாது, புரிகிறது. முன்னுரையாகப் பத்துப் பக்கம் முடியாதா?

தயவுசெய்து அவனை வரலாற்று அடுக்குக்கு மாற்றுங்கள். பின்னட்டையிலிருந்து ‘வெற்றி’யையும் ‘மாவீரர்’ஐயும் எடுங்கள். டி4 பற்றியும் வதைமுகாம்கள் பற்றியும் பத்துப் பக்கம் சேருங்கள். எழுத ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், காசு வாங்காமல் நான் தொகுத்துத் தருகிறேன். கடைக்காரர்களுக்கு இதில் செலவே இல்லை, ஒரு அடுக்கிலிருந்து எடுத்து இன்னொரு அடுக்கில் வைக்கும் வேலைதான்.

அடுத்த கண்காட்சிக்கும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன். சின்னவளுக்குப் படிக்க வராது, ஆனால் அட்டைப் படங்களைப் பார்த்து அவளேதான் தேர்ந்தெடுப்பாள். அவள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் அந்தத் தன்னம்பிக்கை அடுக்கு இருக்கிறது. அதற்குள் அவனை அங்கிருந்து எடுத்துவிடும்படி உங்கள் எல்லோரையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி, இரண்டு பிள்ளைகளின் தாய்