பட்டாளத்து மாமா

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தியைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். முழங்கால் வலிக்கு வெறும் தைலத்தைத் தடவிக்கொண்டு இருக்காதே, டாக்டரிடம் காட்டு. இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவனுக்கு ஓசூருக்கு மாற்றல் ஆகியிருக்கிறது.

பட்டாளத்து மாமா தவறியதைப் பற்றிக் கேட்டிருந்தாய். மார்கழி முதல் வாரம், காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதிகம் சிரமப்படவில்லை. "மாமா நிஜமாகவே சண்டைக்குப் போனவரா, ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லையே" என்றும் எழுதியிருக்கிறாய். நம் வேலூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர்கள் உண்டு. சாயங்காலமானால் திண்ணையில் கதை களை கட்டும். மாமா ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவார். அதனால் இவர் ஸ்டோரில் கணக்கு எழுதியிருப்பார் என்றே ஊரில் பாதிப் பேர் நினைத்தார்கள். உனக்காவது சரியாகத் தெரியட்டும்.

மாமா 1966-இல் பெங்களூர் போய், ராணுவத்தின் பொறியியல் படைகளில் ஒன்றான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பாலம் போடுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது இதெல்லாம் சாப்பர்ஸ் வேலை. அவர்களை ராணுவத்தில் எல்லாரும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்களாம். பஞ்சாபி அதிகாரிகூட 'தம்பி' என்பார் என்று சொல்லும்போது மட்டும் மாமா முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது அவருடைய 9-ஆம் எஞ்சினியர் ரெஜிமென்ட் எல்லைக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில் இருந்தது. ஆற்றைத் தாண்டினால் பாகிஸ்தான் புதைத்த கண்ணிவெடி நிலம். 15-ஆம் தேதி ராத்திரி நம் காலாட்படை ஆற்றைக் கடந்து அக்கரையில் இடம் பிடித்துவிட்டது. டாங்கி போய்ச் சேராவிட்டால் அவர்கள் தாக்குப்பிடிக்க முடியாது. டாங்கிக்குப் பாதை திறக்க வேண்டியது தம்பிகள். பாதி தூரம்தான் சுத்தமாகியிருந்தது. அதற்குள் எதிரி டாங்கிகள் நெருங்குகின்றன என்று தகவல் வர, பூனா ஹார்ஸ் என்ற நம் டாங்கிப் படை மீதியையும் துணிந்து கடந்து போனது. மறுநாள் சண்டையில் உயிரைவிட்டு, அதற்காகப் பரம்வீர் சக்ரா பெற்ற அருண் கேதர்பால் அந்தப் படைதான். அப்போது அவருக்கு 21 வயது. மாமாவின் ரெஜிமென்ட்டில் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி பாதை திறக்கும் வேலையிலேயே உயிரைவிட்டார். அவருக்கு மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். அவர் பெயர் காதில் விழுந்தால் மாமா வெற்றிலையை மென்று முடிக்கும்வரை பேச மாட்டார்.

மைனை, அதாவது கண்ணிவெடியை, எப்படித் தேடுவீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டபோது, மாமா பாலாற்று மணலிலேயே படுத்துக் காட்டினார். வெள்ளை வேட்டியோடு குப்புறப் படுத்தார். முதலில் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டார். கம்பி ஏதாவது இழுத்துக் கட்டியிருந்தால் தோலுக்குத்தான் தெரியுமாம். அப்புறம் ஒரு குடைக்கம்பியை மணலில் சாய்வாக, மெதுவாக இறக்கினார். நேராகக் குத்தினால் மைனின் தலையில் படும், சாய்த்தால் விலாவில் தட்டும். தட்டினால் நிறுத்து, விரலால் மண்ணை விலக்கு. இல்லையென்றால் கம்பியை எடுத்து, ஒரு கை அகலம் தள்ளி மறுபடி. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதும் இதே வேகம்தான், அவசரப்பட்டவன் திரும்பி வரவில்லை என்றார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "வா, அத்தை காத்திருப்பா" என்று நடந்துவிட்டார்.

அவர் தானாக வாய் திறந்து சொன்னது ஒரே விஷயம். சண்டை நின்றபின் நம் எல்லைக்குள் நாமே புதைத்த கண்ணிவெடிகளை எடுக்க வேண்டியிருந்தது. மழை வந்திருக்கும், மண் நகர்ந்திருக்கும், வரைபடத்தில் இருக்கும் இடத்தில் மைன் இருக்காது. குடியானவர்கள் ஏரைத் தயாராக வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். ஒரு வயல் முடிந்ததும் சாப்பர்ஸே வரிசையாகக் கைகோத்து அதன்மேல் நடந்து காட்டுவார்களாம். அந்த வயலில் கோதுமை விதைத்த கிழவர் எல்லாருக்கும் வெல்லமும் மோரும் கொடுத்ததை மாமா என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஷகர்கரில் பிடித்த இடத்தையெல்லாம் சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு பாகிஸ்தானுக்கே திருப்பிக் கொடுத்தார்களே, எல்லாம் வீண்தானே என்று டீக்கடையில் ஒருவர் கேட்டதற்கு, "விதைச்சாங்களே" என்றார். அவருக்கு அதுதான் சண்டை.

மாமாவைப் பேச வைத்திருக்க வேண்டும், மனசில் பூட்டி வைத்தது பாரமாக இருந்திருக்கும் என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்ல நினைத்ததைச் சொன்னார், மற்றதைத் தன்னோடு வைத்துக்கொண்டார். அவர் அத்தையை அதட்டி நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் தீபாவளிக்கு வெடி வைக்கும்போது தோட்டத்துப் பக்கம் போய்விடுவார், வெடிக்காதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த மரியாதையை நாமும் அவருக்குக் கொடுக்கலாம்.

இப்போது அத்தைக்குக் குடும்பப் பென்ஷன் வாங்க அலைந்துகொண்டிருக்கிறோம். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அத்தை பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. ஓர் எழுத்துக்காக அந்த வயசில் மூன்றாம் மாடி ஏற வைக்கிறார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அத்தை மட்டும் பொறுமையாக, "உங்க மாமா இருந்தா க்யூவிலதான் நின்னிருப்பாரு" என்கிறாள். தகரப் பெட்டியில் அந்தச் சண்டைக்காக மாமாவுக்குக் கொடுத்த பஷ்சிமி ஸ்டார் பதக்கமும் சங்கராம் பதக்கமும் நியூஸ் பேப்பரில் சுற்றியபடி இருந்தன. பேரன் கேட்டிருக்கிறான், அவனுக்கே கொடுக்கப் போகிறோம்.

உன் கல்யாணத்தன்று மாமா பந்தியில் இலை போட்டுக்கொண்டிருக்கும் போட்டோ ஒன்று உன்னிடம் இருந்ததே, அதைத் தேடிப்பார். எங்களிடம் இருப்பதெல்லாம் விறைப்பாக நிற்கும் ஸ்டூடியோ படங்கள். கிடைத்தால் உன் பையனை விட்டு வாட்ஸப்பில் அனுப்பச் சொல். சித்திரையில் திருவிழாவுக்கு வா, அத்தை உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
உன் சிநேகிதி