பின்னணியில் ஓடவிட அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தானே எழுதித் தானே பாடும் ஒரு பாடகியின் புதிய ஃபோக் ஆல்பத்தை, அதாவது கிடாரோடு எளிமையாகப் பாடும் பாணியில் அமைந்த பாடல் தொகுப்பைப் பற்றிச் சென்ற இதழில் வந்த மதிப்புரை, அது வேலைகளுக்கிடையே பின்னணியில் ஓடவிட ஏற்ற இசை என்று முடிந்திருந்தது. பாராட்டாகத்தான் எழுதியிருப்பார்கள். ஆனாலும், மெல்லப் பாடுகிறவரை முழுக் கவனத்தோடு கேட்க வேண்டியதில்லை என்று உங்கள் இதழே சொல்லிவிட்டதாக எனக்குப் பட்டது. அது மனதை வருத்தியது.

இந்த இசையில் பாடுபவர் மைக்கை ஒட்டி நிற்கிறார். அந்த நெருக்கத்தில் குரலின் அடித்தளம் கனக்கிறது. மூச்சை இழுப்பதும், கிடார் கம்பியில் விரல் வழுக்குவதும்கூடப் பதிவாகின்றன. ஒரு சொல் பிசகினால் அதை மூடி மறைக்க டிரம்ஸ் இல்லை. நீங்கள் அறியாததா? ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' ஆல்பம் (1972) ஒரு குரலும் ஒரு கிடாருமாக, தலைப்புப் பாடலில் மட்டும் சிறிது பியானோவுடன், இரண்டே இரவுகளில் பதிவானது. அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வீட்டில் நான்கு தடங்களில் மட்டுமே பதியும் எளிய கேசட் கருவியில் மாதிரிக்காகப் பதிந்து வைத்த பாடல்களை இசைக்குழுவோடு மீண்டும் பதிந்து பார்த்தும் மனம் ஒப்பாமல், அந்தக் கேசட் பதிவையே 1982இல் 'நெப்ராஸ்கா' என்று வெளியிட்டார். எளிமை என்று நாம் சொல்வது அத்தனை பிடிவாதமான தேர்வு.

நானும் முதலில் வேலைகளுக்கிடையேதான் நீங்கள் மதிப்புரைத்த ஆல்பத்தைக் கேட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. என் தந்தை மறைந்து உறக்கம் வராதிருந்த ஓர் இரவில் ஹெட்போனில் கேட்டபோது, நான்காம் பாடலின் கடைசிச் சொல்லுக்கு முன் பாடகி பாட இயலாமல் நிற்கும் அந்தக் கணம் காதில் விழுந்தது. அதை வெட்டிச் சீராக்காமல் விட்டவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆண் எழுதினால் கதைசொல்லி என்றும், பெண் எழுதினால் அந்தரங்க நாட்குறிப்பு என்றும் உங்கள் மதிப்புரைகள் பல ஆண்டுகளாகப் பிரித்தே பேசுகின்றன. பாடல் வரி ஒன்றைக்கூட எடுத்துக்காட்டாமல் பாடலாசிரியரை எடைபோடுகின்றன. இதைப் பற்றி முன்பு இருமுறை எழுதினேன், பதில் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் மறக்கவும் முடியவில்லை.

இனி வரும் ஆல்பம் மதிப்புரைகளின் அடியில், உடன் இசைக்கருவி வாசித்தவர்களின் பெயர்களையும் ஒலிப்பதிவு செய்தவரின் பெயரையும் இரண்டு வரியில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்