எடைமேடை கன்ட்ரோலும் உன் அப்பாவின் புத்தகமும்

சுங்கை சிப்புட்

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. அம்மா நலம், கால் வலிதான் விட்டபாடில்லை. இங்கே தினமும் சாயங்காலம் மழை. லாரி போகும் மண்சாலையெல்லாம் சேறு. நம் தோட்டப் பள்ளிக்குப் பின்னால் இருந்த ரப்பர் பால்மரங்களில் ஒன்றுகூட இப்போது இல்லை, எல்லாம் செம்பனை.

பதில் எழுத முடியாமல் என்னைப் பிடித்துவைத்தது அந்த எடைமேடை கன்ட்ரோல்தான், மென்பொருளில் செருகிக்கொள்ள நான் எழுதிய அந்தத் துண்டு. லாரி ஏறி நின்றதும் கருவியிலிருந்து சீரியல் கேபிளில் வரும் எடையை வாங்கி, மொத்த எடை, வெறும் லாரியின் எடை, செம்பனைக் குலையின் எடை மூன்றையும் காட்டுமே, அதேதான். ஆறு வருஷமாக ஆலையில் நன்றாக ஓடுகிறது. போன மாதம் கோலாலம்பூரில் இருவர் தங்கள் மென்பொருளுக்கு அதைக் கேட்டார்கள். கொடுத்தேன். மறுநாளே போன். ஃபார்மில், அதாவது மென்பொருளின் திரையில், இழுத்துப் போட்டதுமே நிரல் எழுதும் விஷுவல் ஸ்டூடியோ பிழை காட்டுகிறதாம்.

விஷயம் இதுதான். கன்ட்ரோலை ஃபார்மில் போடும்போது, திரையை வடிவமைக்க விஷுவல் ஸ்டூடியோவில் இருக்கும் டிசைனர் அதன் கன்ஸ்ட்ரக்டரை, அதாவது கன்ட்ரோல் உருவாகும்போதே ஓடும் கோடை, நிஜமாகவே ஓட்டுகிறது. கருவியின் கேபிள் செருகும் போர்ட்டைத் திறக்கும் வேலையை நான் அங்கேதான் வைத்திருந்தேன். என் கணினியில் கருவி எப்போதும் செருகியே இருக்கும், அவர்களிடம் போர்ட்டே கிடையாது. சரி, இப்போது டிசைனரில் இருக்கிறோமா என்று சொல்லும் டிசைன்மோட் பிராப்பர்ட்டியைப் பார்த்துவிட்டுத் திறக்கலாம் என்று மாற்றினேன். அப்போதும் அதே பிழை. கன்ஸ்ட்ரக்டர் ஓடும் நேரத்தில் கன்ட்ரோலுக்கு சைட், அதாவது அதை டிசைனரோடு இணைக்கும் தொடர்பு, இன்னும் கிடைத்திருக்காது, அதனால் டிசைன்மோட் ஃபால்ஸ் என்றுதான் சொல்லும். இதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி முழுக்கப் போனது. கடைசியில் ஸ்டார்ட் என்று தனி மெதட் வைத்து, அதைக் கூப்பிட்டால் மட்டும் போர்ட் திறக்கும்படி செய்தேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. எடை வந்ததைச் சொல்லும் சீரியல்போர்ட்டின் டேட்டாரிசீவ்ட் இவென்ட், திரையை இயக்கும் திரெட்டில் இல்லாமல் வேறு திரெட்டில் வரும், அங்கிருந்து நேராக எடையைக் காட்டும் லேபிளைத் தொடக் கூடாது. நான் என் ஃபார்மில், வேலையைத் திரையின் திரெட்டுக்கு அனுப்பும் பிகின்இன்வோக் போட்டுச் சமாளித்து வந்தேன். அடுத்தவர்கள் ஏன் இதற்கெல்லாம் கஷ்டப்பட வேண்டும்? அதை கன்ட்ரோலுக்கு உள்ளேயே முடித்துவிட்டேன். ஒரு பிராப்பர்ட்டியின்மேல் டிஃபால்ட்வேல்யூ என்று எழுதினால் அந்த மதிப்பு தானாக அமைந்துவிடும் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அமையாது மச்சான். டிசைனர் அந்த மதிப்பை வைக்கும் வரியை கோடில் எழுத வேண்டுமா என்று பார்ப்பதற்குத்தான் முக்கியமாக அது. மதிப்பை நாம்தான் கொடுக்க வேண்டும்.

பெயர்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. குலையின் எடைக்கு 'பெராட்2' என்று வைத்திருந்தேன், மலாயில் பெராட் என்றால் எடை. எனக்குப் புரியும், வேறு யாருக்குப் புரியும்? அப்போதுதான் உன் அப்பா நினைவுக்கு வந்தார். தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தபோது ரப்பர் பால் ஸ்டோரில் எடைப் புத்தகம் எழுதுவாரே, ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, எல்லாக் கட்டத்துக்கும் தலைப்பு எழுதுவார். அவர் லீவில் போனால் பக்கத்துத் தோட்டத்துக் கிராணி வந்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் விட்ட இடத்திலிருந்து எழுதுவார். அந்தப் புத்தகத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் பெயர்களையெல்லாம் மாற்றினேன். 'பெராட்2' இப்போது 'நெட்வெயிட்'. பழைய பெயரை உடனே எடுத்துவிட்டால் ஆலையின் மென்பொருள் கம்பைல் ஆகாது, அதனால் அதன்மேல் அப்சலீட், அதாவது 'இனிப் பயன்படுத்த வேண்டாம்', என்று குறித்து வைத்திருக்கிறேன். எச்சரிக்கை வரும், வேலை நிற்காது. ஒவ்வொரு பிராப்பர்ட்டிக்கும் ஒரு வரி விளக்கமும் எழுதியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை உனக்கு ஒரு பிரதி அனுப்புகிறேன். எனக்குப் போன் செய்யாமல் புது ஃபார்மில் போட்டுப் பார். எங்கே கை நிற்கிறதோ அந்த இடத்தைக் குறித்து அனுப்பு. தீபாவளிக்கு வரும்போது அந்தப் புத்தகம் வீட்டில் இருந்தால் எடுத்து வா, மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்