திரும்பி வந்த பணத்துக்கும் கட்டணமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜெர்மனியில் படிக்கும் மகளின் பட்டமளிப்புக்குப் போவதற்காக, மியூனிக்கில் ஓட்டல் அறைக்கு 500 யூரோவைக் கிரெடிட் கார்டில் கட்டினேன். விழாத் தேதி தள்ளிப்போனது. ஓட்டல்காரர் மறுபேச்சில்லாமல் 500 யூரோவையும் திருப்பி அனுப்பிவிட்டார். ஆனாலும் என் கணக்கில் 2,358 ரூபாய் துண்டு விழுந்தது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதியவன் என்பதால் ஸ்டேட்மெண்ட்டை வரிவரியாகப் பார்த்தேன். கட்டிய அன்று யூரோ 90 ரூபாய், ஆக 45,000. அதன் மேல், வெளிநாட்டுப் பணத்தில் கட்டியதற்காக வங்கி பிடிக்கும் மார்க்அப் என்ற கட்டணம் 3.5 சதவீதம், 1,575. அந்த மார்க்அப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 283 ரூபாய் 50 காசு. பணம் திரும்பிய அன்று யூரோ 89 ஆகிவிட்டதால் வரவு 44,500.

யூரோ இறங்கியதில் எனக்கு வருத்தமில்லை. ஏறியிருந்தால் லாபம் எனக்குத்தானே. மார்க்அப்பும் அதற்கான வரியும்தான் உறுத்துகின்றன. கேட்டால், ரீஃபண்ட் தனிப் பரிவர்த்தனை, பழைய கட்டணம் திரும்பாது என்கிறது வங்கி. நிபந்தனைகளிலும் பொடி எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. சரி, ஆனால் நடக்காத செலவுக்கு நான் ஏன் கட்டணம் தர வேண்டும்? எங்கள் கம்பெனியில் சரக்கு திரும்பி வந்தால், பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட் போட்டு ஜிஎஸ்டியையும் கழித்துக் கொடுப்போம். வங்கிக்கும் அதே சட்டம்தான். கட்டணத்தைத் திருப்ப மனமிருந்தால் வரியைத் திருப்ப வழியிருக்கிறது.

வெளிநாட்டு ஓட்டலோ டிக்கெட்டோ போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தொகை பிடித்துவைத்த நிலையிலேயே, கணக்கில் பற்று ஏறும் முன்பே விற்றவர் ரத்து செய்துவிட்டால் பெரும்பாலும் மார்க்அப் விழாது. அதனால் ரத்து செய்வதென்றால் உடனே செய்யுங்கள். அப்புறம், ரூபாயிலேயே கட்டுகிறீர்களா என்று வெளிநாட்டு இணையதளம் கேட்டால் ஒப்புக்கொள்ள வேண்டாம். மாற்று வீதத்தை அவர்கள் தரப்பே உயர்த்தி வைக்கும். பல வங்கிகள் அதற்கும் தனிக் கட்டணம் பிடிக்கின்றன.

முழுத் தொகையும் திரும்பும்போது மார்க்அப்பையும் திருப்பித் தர ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டும். அதுவரை, பணம் கட்டியதும் வரும் குறுஞ்செய்தியிலேயே மார்க்அப் எவ்வளவு, ரீஃபண்ட் ஆனால் அது திரும்புமா என்ற இரண்டையும் தமிழில் தெரிவிக்கச் சொல்லட்டும்.

- ஓய்வுபெற்ற கணக்காளர், திருப்பூர்